பாரத வாசிப்பைக் குறைக்கும்போது கனவுக் காட்சிகளை வெட்டலாமா?

கரும்புத்தோட்டம் | 6 ஜனவரி 2025, இரவு 9.12

மொரீஷியஸில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் மாசித் தீமிதிக்கு முன் பதினெட்டு இரவு பாரதம் படிப்பது வழக்கம். இந்த வருடம் ஏழே இரவு என்று குழு முடிவு செய்துவிட்டது. வேலை நாளில் கூட்டம் இல்லை, கடைசி பஸ் ஏழு மணிக்கே போய்விடுகிறது, பிள்ளைகளுக்குத் தமிழ் பாதிதான் புரிகிறது. எதை வைப்பது, எதை விடுவது என்று பட்டியல் போடும் வேலை எனக்கு.

என் கட்சி இது: முதலில் கனவுகளை வெட்டலாம். சபதம் வேண்டும், தவம் வேண்டும், போர் வேண்டும். அறிவுரை வேண்டுமென்றால் கீதை இருக்கிறது. கனவு என்பது பின்னால் வருவதை முன்கூட்டிச் சொல்லும் உத்தி, அவ்வளவுதான். அதில் ஞானம் எங்கே இருக்கிறது? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஏட்டுச்சுவடி | 6 ஜனவரி, இரவு 10.35

முதலில் கணக்கு. நாம் படிக்கும் வில்லிபுத்தூரார் பாடிய வில்லிபாரதத்தில் நாலாயிரத்து முந்நூறுக்கு மேல் பாட்டு. ஒரு பாட்டைப் பாட ஒரு நிமிடம், பதம் பிரித்துப் பொருள் சொல்ல இரண்டு, அதையே இங்குள்ள கிரியோல் மொழியில் சொல்ல இரண்டு. ஐந்து நிமிடம் ஆயிற்று. இரண்டு மணி நேர வாசிப்பில் தொடக்க பூசை, தீபாராதனை, ஒலிபெருக்கிச் சண்டை எல்லாம் போக இருபது பாட்டு தேறும். பதினெட்டு இரவுக்கு 360. அதாவது "முழு பாரதம்" என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததே பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஏழு இரவுக்கு 140. ஆகவே வெட்டுவது பாவமா என்று யாரும் கலங்க வேண்டாம். எப்போதும் வெட்டியபடிதான் படித்திருக்கிறோம்.

எதை வெட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. கனவுகளை வெட்டினால் வில் இருக்கும், நாண் இருக்காது. காரணம் நாளை எழுதுகிறேன்.

நாலாஞ்சாமம் | 6 ஜனவரி, இரவு 11.58

நாளை வரை காத்திருந்து இன்றிரவு கனவில் பதில் வந்துவிட்டால்?

ஏட்டுச்சுவடி | 7 ஜனவரி, மாலை 6.20

துரோண பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாம் நாள் போரில் அபிமன்யு விழுகிறான். நாளை சூரியன் மறைவதற்குள் சயத்ரதனைக் கொல்வேன், இல்லையேல் தீயில் இறங்குவேன் என்று அர்ச்சுனன் சபதம் செய்கிறான். அன்றிரவு வியாச பாரதத்தில் ஒரு கனவு வருகிறது. நம் வாசிப்புகளில் இதைத்தான் "அன்றிரவு கண்ணன் ஆறுதல் சொன்னான்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

கனவில் கண்ணன் வருகிறான். அர்ச்சுனன் கனவிலும் எழுந்து நின்று ஆசனம் கொடுக்கிறான். பழக்கம் கனவிலும் விடவில்லை, இந்த இடத்தை விடாமல் சொல்லுங்கள். துக்கம் முயற்சியைத் தின்னும் பகை என்று சொல்லிவிட்டு, சிவன் தந்த பாசுபத அத்திரம் உனக்கு நினைவிருந்தால் நாளை வெல்வாய் என்கிறான் கண்ணன். இருவரும் வான்வழி கயிலை போகிறார்கள். சிவன் ஒரு பொய்கையைக் காட்டுகிறார். வில்லும் அம்பும் அங்கே இருக்க வேண்டும், போய்ப் பார்த்தால் இரண்டு பாம்புகள். சிவனைத் துதிக்கும் சதருத்திரீயம் ஓதியபின் பாம்புகள் வில்லும் அம்பும் ஆகின்றன. சிவனுடைய விலாவிலிருந்து ஒரு பிரம்மசாரி தோன்றி வில்லை எடுத்து நின்று காட்டுகிறான். அர்ச்சுனன் கவனிப்பது மூன்று: நாணை இழுக்கும் விதம், வில்லைப் பிடிக்கும் கை, பாதம் வைக்கும் இடம். மந்திரத்தைச் சிவன் வாயிலிருந்து கேட்டுக்கொள்கிறான்.

இந்த அத்திரத்தை வனவாசத்திலேயே தவம் செய்து வாங்கியாயிற்று. புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. மகன் செத்த துக்கத்தில் கை மறந்ததைக் கனவு திருப்பிக் கொடுக்கிறது. எனவே கரும்புத்தோட்டம் சொல்லும் "முன்கூட்டிச் சொல்லும் உத்தி" இங்கே பொருந்தாது. இந்தக் கனவு பார்ப்பது பின்னோக்கி.

அடுத்தது நடைமுறை. இந்தக் கனவை வெட்டினால் அதற்கு முன் நீங்கள் படிக்கப்போகும் அர்ச்சுனன் தவம் அந்தரத்தில் தொங்கும். மலையேறி வாங்கி வந்த ஆயுதம் பிறகு கதையில் எங்குமே தலைகாட்டாது.

கரும்புத்தோட்டம் | 7 ஜனவரி, இரவு 8.05

சரி, ஒரு கனவு தப்பித்தது. ஆனால் இது கனவா, பயணமா? கண்ணன் கூட்டிப்போனான் என்றே சொல்லிவிட்டால் என்ன? குழந்தைகளுக்கு அது எளிது.

ஏட்டுச்சுவடி | 7 ஜனவரி, இரவு 9.50

எளிதுதான், ஆனால் ஒரு நுணுக்கம் போய்விடும். அன்றாடம் இரவில் சிவனுக்குச் செய்யும் காணிக்கையை அர்ச்சுனன் அன்று கண்ணனிடம் கொடுத்திருந்தான். கனவில் கயிலையில் பார்க்கிறான்: அதே காணிக்கை சிவன் பக்கத்தில் இருக்கிறது.

இதை வனவாசத் தவத்தோடு சேர்த்துப் பாருங்கள். வேடனோடு சண்டை. இருவர் அம்பும் ஒரே பன்றியில். யாருடைய பன்றி என்று தகராறு. அம்பு வற்றாத தூணி வற்றுகிறது. வில் நுனியால் அடிக்கிறான், வேடன் வில்லைப் பிடுங்கிக்கொள்கிறான். வாள் வேடன் தலையில் பட்டு உடைகிறது. மரம், கல், பிறகு கைமுட்டி, பிறகு மல். அறிவிழந்து விழுகிறான். எழுந்து மண்ணில் சிவனைப் பிடித்து வைத்து மாலை சாத்துகிறான். நிமிர்ந்தால் அந்த மாலை வேடன் தலையில்.

ஒரு முறை விழித்திருக்கையில், ஒரு முறை உறக்கத்தில், ஒரே அடையாளம். இங்கே கொடுத்தது அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. வீரன் அறிவு பெறுவது இப்படித்தான், யாரோ வந்து பிரசங்கம் செய்ததால் அல்ல. தவம் படிக்கும் இரவில் மாலையை நன்றாகச் சொன்னவர், கனவு வரும் இரவில் காணிக்கையைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்தினால் போதும். விளக்கவே வேண்டாம். முன்வரிசைப் பாட்டிமார் தாமாகவே தலையசைப்பார்கள்.

கிராதம் என்னும் இந்த வேடன் கதையைச் சொல்லும்போது வழக்கமாகக் கெடுவது ஒன்று உண்டு. தொடக்கத்திலேயே "சிவபெருமான் வேடன் வடிவில் வந்தார்" என்று போட்டு உடைத்துவிடுவார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் மாலை வரும் வரை "வேடன்" என்றே சொல்ல வேண்டும். அர்ச்சுனனுக்குத் தெரியாததை நாமும் தெரியாததுபோல் கேட்பதில்தான் பாடம். வில்லியில் அவன் வில்லால் அடித்த அந்த ஓர் அடி எல்லா உயிர்மேலும் விழும். அந்தப் பாட்டை மட்டும் இரண்டு முறை பாடச் சொல்லுங்கள்.

செந்தாந்த்ரே | 8 ஜனவரி, காலை 7.15

ரெயூனியோனிலிருந்து எழுதுகிறேன். இங்கே பால் தமூல் என்ற கூத்தில் வாத்தியார் விடிய விடியப் பாடுகிறார், பாந்தியாலே என்று நாங்கள் சொல்லும் பாஞ்சாலிக்குத் தீமிதியும் நடக்கிறது. கூட்டத்தில் பெரும்பாலோருக்குத் தமிழ் கேட்டால் புரியாது, கிரியோல்தான். மொழி புரியாத கூட்டத்துக்குப் போரைக் காட்டலாம், துகிலைக் காட்டலாம். கனவை எப்படிக் காட்டுவது? மேடையில் ஒருவர் படுத்துக்கொண்டால் ஜனம் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறது.

நாலாஞ்சாமம் | 8 ஜனவரி, காலை 7.40

படுத்திருப்பவர் உண்மையிலேயே தூங்கிவிடும் அபாயமும் உண்டு. இரவு இரண்டு மணிக்கு அது நடிப்பல்ல.

ஏட்டுச்சுவடி | 8 ஜனவரி, மாலை 5.45

செந்தாந்த்ரே, மொழி தேவைப்படாத கனவு ஒன்று பாரதத்திலேயே இருக்கிறது. கர்ணன் கண்டது.

ஆயிரம் தூண் மாளிகையில் தருமன் தம்பிமாரோடு ஏறுகிறான், எல்லோரும் வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளை உடை. எலும்புக் குவியல்மேல் இருந்து தருமன் பொற்கலத்தில் நெய்ப் பாயசம் உண்கிறான். பூமியை விழுங்குகிறான். கௌரவர் படையில் மூன்றே பேருக்கு வெள்ளைத் தலைப்பாகை: அசுவத்தாமன், கிருபன், கிருதவர்மன். மற்ற எல்லா அரசருக்கும் சிவப்பு. பீஷ்மர், துரோணர், கர்ணன், துரியோதனன் ஒட்டகம் பூட்டிய வண்டியில் தெற்கே போகிறார்கள்.

மேடைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பத்துப் பன்னிரண்டு பேரை வரிசையாக நிறுத்துங்கள், எல்லோருக்கும் சிவப்புத் துணி, மூவருக்கு மட்டும் வெள்ளை. நாலு மீட்டர் பருத்தித் துணி ஒரு தலைக்குப் போதும். பட்டு வேண்டாம், வழுக்கி அவிழும். அன்று விளக்கம் சொல்லாதீர்கள். கடைசி இரவில் பதினெட்டாம் நாள் போர் முடிந்து அந்தப் பக்கம் மிஞ்சி நிற்பவர் யார் என்று பாருங்கள், அதே மூவர். அதே துணியோடு நிற்கட்டும். தமிழ் ஒரு சொல் தெரியாத பிள்ளையும் புரிந்துகொள்ளும்.

கெடுவது எங்கே என்றால், துணியை நடுவில் மாற்றிவிடுவார்கள். முதல் இரவு போட்ட வெள்ளைத் துணி அழுக்காகிவிட்டது என்று மஞ்சள் கட்டி நிறுத்தினால் கனவு செத்தது. மூன்று துணியையும் தனிப் பையில் போட்டு ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

கரும்புத்தோட்டம் | 8 ஜனவரி, இரவு 9.00

கர்ணன் இதைக் குந்தியிடம்தானே சொல்கிறான்? அப்படியானால் அதைக் கர்ண மோட்ச இரவோடு சேர்த்துவிடலாம்.

செந்தாந்த்ரே | 8 ஜனவரி, இரவு 9.25

இல்லை அண்ணா. கண்ணனிடம். தூது முறிந்து திரும்பும் வழியில் கண்ணன் கர்ணனைத் தேரில் ஏற்றி, பிறப்பைச் சொல்லி, பாண்டவர் பக்கம் வா என்று கூப்பிடுகிறான். அந்தப் பேச்சின் முடிவில் வருவது இந்தக் கனவு. குந்தி வருவது அதற்குப் பிறகு. ஆக அது தூது இரவில்தான் பொருந்தும்.

ஏட்டுச்சுவடி | 9 ஜனவரி, இரவு 8.30

செந்தாந்த்ரே சொன்னதுதான் சரி, யாரிடம் சொல்கிறான் என்பதைச் சும்மா விடவும் கூடாது. என் முழு வாதமே அதில்தான் நிற்கிறது. தமிழில் கனவு வரும் இடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

சிலம்பில் கண்ணகி தோழி தேவந்தியிடம் சொல்கிறாள்: கணவனோடு ஒரு பெரிய ஊருக்குப் போனதும், அங்கே பொய்ப்பழி ஏறியதும், அரசன் முன் வழக்குரைத்ததும், அரசனுக்கும் ஊருக்கும் கேடு வந்ததும். தேவந்தி பரிகாரம் சொல்கிறாள், குளத்தில் மூழ்கு, காமன் கோட்டம் தொழு என்று. கண்ணகி, பீடன்று என்று மறுத்துவிடுகிறாள். கோவலன் தன் கனவை மாடலன் என்னும் மறையவனிடம் சொல்கிறான், உடையிழந்து எருமை ஊர்ந்தது முதலாக. அதே கனவில் வருவதுதான் மாதவி மணிமேகலையைத் துறவுக்குக் கொடுப்பது. சொன்ன கொஞ்ச நாளில் வெட்டுப்பட்டான், மகள் துறவியானாள். பாண்டிமாதேவி செங்கோலும் குடையும் சாயக் கண்டு அரசனிடம் போய்ச் சொல்கிறாள், அப்போதே வாயிலில் கண்ணகி வந்து நிற்கிறாள். சீவக சிந்தாமணியில் அரசி விசையை அசோக மரம் விழவும், அதன் முளை ஒன்று முடியும் எட்டு மாலையும் தாங்கி எழவும் காண்கிறாள். அவள் கணவன் சச்சந்தன் முதலில் மகன், மகனுக்கு எட்டு மனைவியர் என்று நல்லதைச் சொல்கிறான். விழுந்த மரத்தை அவள் கேட்ட பிறகே தொடுகிறான். அதன்பின் அவள் பறந்து தப்ப மயிற்பொறி செய்யச் சொல்கிறான். கேட்டவன் செயலில் இறங்கிய அரிய இடம் அது. ஆண்டாள் பத்துப் பாட்டிலும் "கனாக் கண்டேன் தோழீ நான்" என்றுதான் முடிக்கிறாள். தோழி இல்லாமல் ஒரு பாட்டும் இல்லை.

எங்குமே ஒரு கனவு கண்டவரோடு நின்றுவிடவில்லை. இன்னொரு காதுக்குப் போகிறது. அந்தக் காது யாருடையது, கேட்டவர் என்ன செய்தார் என்பதில்தான் கதை திரும்புகிறது. அறிவு அந்த இடைவெளியில் இருக்கிறது.

அசுவத்தாமன் இரவில் பாசறை புகுந்து கொல்லும் சௌப்திக பருவம் இதற்கு மறுபக்கம். போர் தொடங்கிய நாளிலிருந்தே பாண்டவ வீரர்கள் இரவுதோறும் கனவில் காளியைக் கண்டார்கள், கயிறு கட்டி இழுத்துப்போகிறாள், அசுவத்தாமன் வெட்டுகிறான். அவர்கள் அதை யாரிடமும் கொண்டுபோனதாகக் கதை சொல்லவில்லை. கத்தி கழுத்துக்கு வந்த பிறகு, "இதைத்தான் கண்டோம்" என்று அடையாளம் கண்டு செத்தார்கள்.

கரும்புத்தோட்டம் | 10 ஜனவரி, இரவு 8.10

அக்கா, இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. கர்ணன் சொன்ன காது கண்ணனுடையது. அதைவிட நல்ல காது ஏது? ஆனாலும் ஒன்றும் மாறவில்லையே. தோற்போம் என்று தெரிந்தே போய்ச் செத்தான். அப்புறம் அந்தக் கனவு எதற்கு?

ஏட்டுச்சுவடி | 10 ஜனவரி, இரவு 11.15

நல்ல கேள்வி. இரண்டு நாளாக இதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

கனவு கண்டால் தப்பிக்கலாம் என்று எடுத்துக்கொண்டால் கர்ணன் கதை தோல்விதான். ஆனால் அந்தப் பேச்சில் அவன் கேட்கும் ஒன்றைப் பாருங்கள்: என் பிறப்பைத் தருமனிடம் சொல்லாதே. தெரிந்தால் அவன் அரசை ஏற்கமாட்டான், எனக்குத் தருவான், நான் துரியோதனனுக்குக் கொடுத்துவிடுவேன். யார் ஆள வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. முடிவு தெரிந்தபின் அவன் மாற்றியது தன் தலைவிதியை அல்ல, மற்றவன் பட்டத்துக்கு இடைஞ்சலாகத் தான் நிற்காதபடி பார்த்துக்கொண்டான். அறிவு என்றால் உயிர் தப்புவது என்று வைத்துக்கொண்டால்தான் ஓட்டை.

மேல்நாட்டார் போடும் நாயகப் பயணச் சட்டம், புறப்பட்டான், சோதனை பட்டான், வரம் வாங்கித் திரும்பினான் என்பது, கர்ணனிடம் பொருந்தாது. போருக்கு முன் களபலியான அரவானிடமும் பொருந்தாது. அவன் திரும்பவே இல்லை. தலை மட்டும் போரைப் பார்த்தது.

நாலாஞ்சாமம் | 11 ஜனவரி, காலை 6.05

கனவுப் பலன் சொல்லும் பொன்னவன் கனாநூலை யாரும் இன்னும் எடுக்கவில்லையே. முதல் சாமக் கனவு ஓராண்டில் பலிக்கும், இரண்டாம் சாமம் எட்டு மாதம், மூன்றாம் சாமம் மூன்று மாதம், கடைச்சாமம் பத்து நாள். சிலம்பு உரையில் அடியார்க்குநல்லார் எடுத்துக்காட்டுவது இந்த நூலைத்தான்.

சாமம் ஒன்று மூன்று மணி நேரம். மாலை ஆறிலிருந்து எண்ணினால் முதல் சாமம் ஒன்பதுக்கு முடிகிறது. அந்நேரம் நம் வீடுகளில் டி.வி. ஓடுகிறது. ஓராண்டுக் கனவுகள் எல்லாம் நமக்கு நஷ்டம்.

கடைச்சாமத்துக்கு மட்டும் உடல் சார்ந்த ஆதாரம் சொல்லலாம். மூடிய கண்ணுக்குள் விழி வேகமாக அசையும் உறக்கக் கட்டத்தில்தான் நீண்ட, கதை போன்ற கனவுகள் அதிகம். தூங்கி ஏறக்குறைய தொண்ணூறு நிமிடத்தில் அந்தக் கட்டம் முதலில் வரும், பத்து நிமிடம்போல. பிறகு வரும் ஒவ்வொரு சுற்றிலும் நீளும், விடியற்காலையில் அரைமணிக்கு மேலும் போகும். அதன் நடுவில் எழுப்பினால் கனவு அப்படியே கையில் இருக்கும்.

தீமிதி விரதத்தில் "எனக்குத் தினமும் கனவு வருகிறது" என்று சொல்பவர்களுக்கு இதுதான் காரணம். நாலு மணிக்குக் குளிக்க அலாரம் வைக்கிறார்கள், தரையில் பாயில் படுக்கிறார்கள், பசி. கனவு கூடவில்லை, நடுவில் வெட்டுப்படுவதால் ஞாபகம் கூடியிருக்கிறது.

நாலாஞ்சாமம் | 11 ஜனவரி, காலை 6.09

கனவில் வந்த குதிரைக்கு ஷாம் தெ மார்ஸ் பந்தயத் திடலில் பணம் கட்டியவர்கள் எந்தச் சாமத்தில் கண்டார்கள் என்று கேட்டுவைத்தால் கனாநூலைச் சோதித்துவிடலாம். யாரும் இரண்டாம் முறை அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

கரும்புத்தோட்டம் | 12 ஜனவரி, மாலை 4.30

கனவு பேச்சு வந்ததால் ஒரு நடைமுறைச் சிக்கல். ஒவ்வொரு வருடமும் காப்புக் கட்டியவர்களில் இரண்டு மூன்று பேர் "அம்மன் கனவில் வந்து மிதி என்றாள்" என்கிறார்கள். இன்னொருவர் "வேண்டாம் என்றாள்" என்கிறார். குழு என்ன செய்வது?

ஏட்டுச்சுவடி | 12 ஜனவரி, இரவு 9.20

வாட்ஸாப்பில் போடாமல் பூசாரியிடம் நேரில் சொல்லச் சொல்லுங்கள். விடிந்ததும், தனியாக, வந்தது வந்தபடி. பூசாரி கேட்க வேண்டியவை: கனவில் யார் இருந்தார்கள், எந்தத் திசை, என்ன நிறம், எந்த இடத்தில் விழித்தாய். அர்த்தம் என்ன என்று கண்டவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால் ஆசையைத்தான் அர்த்தமாகச் சொல்வார்.

"வேண்டாம்" என்று கண்டவரை விட்டுவிடுங்கள், விசாரணை வேண்டாம். பயம் அந்த உருவில் வந்திருந்தாலும் பயந்தவர் குழியில் நடுவழியில் நிற்பார், பின்னால் வருபவர் மோதுவார்.

"மிதி" என்று கண்டவரைக் கனவை வைத்து அனுமதிக்காதீர்கள், காலை வைத்து அனுமதியுங்கள். நம் தீவில் சர்க்கரை நோய் அதிகம். பாதம் மரத்தவருக்குச் சூடு தெரியாது, கொப்புளம் மறுநாள்தான் தெரியும், ஆற மாதக்கணக்காகும். கண்ணை மூடச் சொல்லி பஞ்சால் பாதத்தைப் பல இடத்தில் தொடுங்கள். எங்கே தொட்டது என்று சொல்ல முடியாவிட்டால், அம்மனே நேரில் வந்திருந்தாலும் குழியில் இறங்கக் கூடாது. அவர் கரகத்தோடு சுற்றி வரட்டும்.

செந்தாந்த்ரே | 13 ஜனவரி, மாலை 6.50

தெற்குத் திசை, சிவப்புத் துணி, எண்ணெய். கம்பனில் சீதையோடு அசோகவனத்தில் இருக்கும் திரிசடை கனவிலும் இதே சாமான்தான். இராவணன் தலைகளில் எண்ணெய் பூசி, சிவப்பு உடுத்தி, கழுதையும் பேயும் பூட்டிய தேரில் தென்புலம் போகிறான். கர்ணனுக்கு ஒட்டகம், கோவலனுக்கு எருமை, இராவணனுக்குக் கழுதை. எப்போதும் வண்டி மட்டமாக இருக்கிறது.

ஏட்டுச்சுவடி | 13 ஜனவரி, இரவு 10.10

அந்தத் திரிசடை இடத்தில் கம்பன் வைத்திருக்கும் ஒரு சின்ன வேலையைப் பாருங்கள். கனவு முடிவதற்குள் சீதை அவளை எழுப்பிவிட்டாள். அங்கேயே விழித்துவிட்டேன் என்கிறாள் திரிசடை. உடனே சீதை, அதன் குறையையும் கண்டு வா, "இன்னமும் துயில்க" என்று இரு கை கூப்புகிறாள். அசோகவனத்தில் இத்தனை நாள் உறங்காதவள், தனக்குத் தூக்கம் கேட்கவில்லை. தனக்காக இன்னொருத்தியைத் தூங்கச் சொல்கிறாள். கேட்பவள் எவ்வளவு பசியோடு கேட்க வேண்டும் என்பதற்கு இதற்குமேல் உதாரணம் கிடையாது.

பாரத வாசிப்புக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கனவை முழுசாகச் சொல்லி முடிக்காமல் அன்றைய வாசிப்பை நிறுத்துங்கள். மறுநாள் கூட்டம் வரும்.

கரும்புத்தோட்டம் | 15 ஜனவரி, இரவு 8.45

ஏழு இரவுப் பட்டியல், உங்கள் பேச்சையெல்லாம் கேட்டபின்:

வில் வளைப்பு. சூதும் துகிலும். அர்ச்சுனன் தவம். தூது, கூடவே கர்ணன் கனவு. அபிமன்யு, சபதம், அன்றிரவுக் கனவு. கர்ண மோட்சம். துரியோதனன் விழும் படுகளமும் கூந்தல் முடிப்பும், மறுநாள் தீமிதி.

கீதையை விட்டுவிட்டேன். அதற்குத் தனி வகுப்பு ஞாயிறுதோறும் நடக்கிறது. திட்ட வருபவர்கள் வரிசையில் வரவும்.

செந்தாந்த்ரே | 15 ஜனவரி, இரவு 9.30

அரவான் எங்கே? களபலி இல்லாமல் போர் தொடங்காது. கோயிலில் அரவான் தலை இருந்தால் அதை மூடி வைத்துவிட்டா வாசிப்பீர்கள்?

ஏட்டுச்சுவடி | 15 ஜனவரி, இரவு 10.40

கீதையை விட்டதில் எனக்குக் குறையில்லை. அரவானை விட்டது தப்பு. அபிமன்யு இரவின் தொடக்கத்தில் ஆறு பாட்டு போதும். இரண்டும் அர்ச்சுனன் பிள்ளைகள். ஒருவனைத் தெரிந்து கொடுத்தார்கள், ஒருவனைத் தெரியாமல் இழந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் சபதத்தின் சூடு கூடும்.

ஐந்தாம் இரவு இப்படிப் பங்கு போடுங்கள்: அரவான் 6, சக்கரவியூகமும் வதமும் 8, சபதம் 2. மொத்தம் 16. மீதி நேரம் கனவுக்கு. அதை வியாசரிடமிருந்து வசனமாகச் சொல்லுங்கள், பாட்டு வேண்டாம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒலிபெருக்கியை ஒரு படி குறைத்து, விசிறியை நிறுத்திவிட்டுச் சொன்னால் கூட்டம் தானாக முன்னால் நகரும். பிரம்மசாரி நின்று காட்டும் இடத்தில் சொல்பவரும் எழுந்து நின்று பாதம் வைத்துக் காட்டட்டும்.

அதோடு நிறுத்துங்கள். அந்தக் கனவை விடிந்ததும் அர்ச்சுனன் என்ன செய்தான் என்பது ஆறாம் இரவின் முதல் வரி. சுற்றத்தாரைத் தேற்றுவதற்காகத் தான் கண்டதை அவர்கள் நடுவில் சொல்கிறான். கேட்டவர்கள் தரையில் தலை வைத்து வணங்கி, நன்று நன்று என்கிறார்கள். பிறகுதான் தேரேறுகிறார்கள். கரும்புத்தோட்டம், இந்த வரியை மட்டும் வெட்டினால் மேலே நான் எழுதியதெல்லாம் வீண்.

நாலாஞ்சாமம் | 16 ஜனவரி, காலை 5.50

படுகளத்துக்குத் துரியோதனன் மண்ணுரு செய்கிறீர்களா? தொடையில் வைக்கும் குங்குமத் தண்ணீர்ப் பானை போன தடவை ஒரு கோயிலில் முதல் நாளே கசிந்து, பீமன் வருமுன் துரியோதனன் செத்துக் கிடந்தான்.

ஏட்டுச்சுவடி | 16 ஜனவரி, மாலை 6.15

சுடாத பானையாக இருந்திருக்கும், அல்லது ஈர மண்ணோடு சேர்த்துப் பூசியிருப்பார்கள். சுட்ட சிறு கலயம், வாயில் வாழையிலை கட்டி, உரு காய்ந்தபின் தொடையில் குழி பறித்து வைக்க வேண்டும். தண்ணீரைக் கடைசி ஒரு மணி நேரத்தில் ஊற்றுங்கள்.

கரும்புத்தோட்டம் | 18 ஜனவரி, இரவு 9.05

அரவானைச் சேர்த்தாயிற்று. வெள்ளைத் துணி மூன்றும் தனிப் பையில். இன்னும் ஒரு கவலை: மாசி புயல் காலம். போன ஜனவரியில் பெலால் புயல் வந்து தலைநகர் போர் லூயி தண்ணீரில் நின்றதை யாரும் மறக்கவில்லை. மூன்றாம் புயல் எச்சரிக்கை விட்டால் பஸ் கிடையாது, கோயில் கதவு பூட்டு. ஏழில் ஓர் இரவு போனால் எதை எதோடு சேர்ப்பது?

ஏட்டுச்சுவடி | 18 ஜனவரி, இரவு 10.30

வில் வளைப்பையும் சூதையும் ஒரே இரவில் அடக்கலாம், பத்துப் பாட்டு, பத்துப் பாட்டு. சுயம்வரம் எல்லோருக்கும் தெரியும், கல்யாணக் கூட்டம் எப்படியும் குறை சொல்லும். புயல் பின்பாதியில் வந்தால் கர்ண மோட்சத்தைப் படுகளத்தோடு சேர்த்துவிடுங்கள், கர்ணன் விழுந்த அடுத்த நாள்தானே சல்லியன். மூன்றாம் இரவையும் ஐந்தாம் இரவையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாக்காதீர்கள். மாலைக்கும் காணிக்கைக்கும் நடுவில் ஓர் இரவாவது ஜனம் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வர வேண்டும்.

செந்தாந்த்ரே | 19 ஜனவரி, காலை 7.00

இங்கேயும் அதே புயல்தான் வரும். துணி வாங்கப் போகிறேன். சிவப்பு பன்னிரண்டா, பதினைந்தா?

ஏட்டுச்சுவடி | 19 ஜனவரி, காலை 7.20

பன்னிரண்டு போதும். மேடை அகலம் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டாம், கலந்து நிறுத்துங்கள்.